சர்வர் மாற்றிய பிறகு: கத்தும் பிழைகளும் கத்தாத பிழைகளும்

சர்வர் மாற்றி முடித்த இரவில் திரை வெள்ளையாக நின்று 500 என்ற சர்வர் பிழை எண்ணைக் காட்டினால் பலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு அந்தப் பிழைமேல் பெரிய பயம் இல்லை. ஏதோ உடைந்திருக்கிறது என்று அதுவே வாய்விட்டுச் சொல்கிறது. சர்வர் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பான லாகைத் திறந்தால் எந்தக் கோப்பு, எந்த வரி என்பதுவரை கிடைத்துவிடும். என் பயமெல்லாம், "எல்லாம் ஓடுது" என்று சொல்லிவிட்டு ஆளாளுக்குக் கிளம்பிப் போன பிறகு சத்தமே இல்லாமல் தரவைக் கெடுத்துக்கொண்டிருக்கும் பிழைகள்மேல்தான்.

வேறு யாரோ எழுதி, வேறு யாரோ பார்த்துக்கொண்ட இணையச் செயலிகளை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது என் வேலையில் திரும்பத் திரும்ப வருகிற ஒன்று. புது சர்வரில் வரும் பிழைகளில் பாதிக்குமேல் புது சர்வரின் குற்றமே இல்லை. பழைய சர்வரில் ஒருவர் எப்போதோ செய்துவைத்த ஏற்பாடு ஒன்று, ஒரு பெர்மிஷனோ (கோப்பு அனுமதி), ஒரு கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) வரியோ, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலையோ, எங்கும் எழுதிவைக்கப்படாமல் செயலியைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கும். நிரல் கோடும் தரவுத்தளமும் மட்டும் கிளம்பி வர, அந்த ஏற்பாடு பழைய இடத்திலேயே தங்கிவிடும். நிரல் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் மறைவான கோப்புகள் கூட அப்படித்தான் விட்டுப்போகும். நட்சத்திரக் குறி போட்டு காப்பி செய்தால் கட்டளைகளை வாங்கும் ஷெல் அவற்றைக் கணக்கில் எடுக்காது. கடவுச்சொற்கள் இருக்கும் என்வ் கோப்பும், அப்பாச்சி என்ற வெப் சர்வருக்கு ஃபோல்டர்வாரி விதிகள் சொல்லும் எச்டிஅக்சஸ் கோப்பும் அந்த வகைதான்.

முதலில் கத்துகிறவற்றைப் பார்த்துவிடுவோம். 500 வந்ததும் பிழையைத் திரையிலேயே காட்டு என்று பிஎச்பி மொழியின் டிஸ்ப்ளே எரர்ஸ் அமைப்பைத் திறந்துவிடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. மக்கள் வந்துபோகும் தளத்தில் அது கோப்புப் பாதைகளையும், சில சமயம் தரவுத்தளப் பயனர் பெயரையும் வருகிறவர் எல்லாருக்கும் காட்டிவிடும். அதே வாக்கியம் லாகில் இருக்கிறது. ஒரு டெர்மினலில் லாகை ஓடவிட்டு, பக்கத்தில் பிரௌசரில் பக்கத்தைத் திறந்தால், புதிதாக விழும் வரி எது என்று கண்ணுக்கே தெரியும்.

502 என்றால், முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரால் பின்னால் இருக்கும் செயலியோடு ஒழுங்காகப் பேச முடியவில்லை. இதோடு நிறுத்திக்கொண்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறவர்கள் அதிகம். அந்த எரர் லாக் வரிக்குள் அடைப்புக்குறியில் ஒரு சிறிய எண் இருக்கும். அதுதான் எனக்கு முக்கியம். லினக்ஸ் கொடுக்கும் எண் அது. 2 என்றால் அப்படி ஒரு கோப்பே இல்லை. டெபியன், உபுண்டு வகைகளில் பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம்மோடு பேச உதவும் சாக்கெட் கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும். பழைய சர்வரிலிருந்து எடுத்துவந்த கான்ஃபிக்கில் 7.4 என்று இருந்து, இங்கே 8.2 ஓடிக்கொண்டிருந்தால் இந்த 2 கட்டாயம் வரும். 13 என்றால் கோப்பு இருக்கிறது, தொட அனுமதி இல்லை. 111 என்றால் முகவரிக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று, அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க எந்தப் புரோகிராமும் இல்லை. 110 என்றால் பதிலே வரவில்லை. அப்போது ஃபயர்வாலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நான்கு எண்களும் நான்கு வெவ்வேறு இடங்களுக்கு அனுப்புகின்றன. திரையில் தெரிவதோ வெறும் 502 அல்லது 504 மட்டும்தான்.

504 பெரும்பாலும் பொறுமையின் எல்லை. என்ஜின்எக்ஸ் பிஎச்பியின் பதிலுக்கு இயல்பாக 60 விநாடி காத்திருக்கும். அந்த அளவை 300 ஆக்கிவிட்டால் பிழை மறைந்துவிடும், பக்கம் அதே மெதுவோடு இருக்கும். பழைய சர்வரில் நொடியில் வந்த அறிக்கை இங்கே ஏன் ஒரு நிமிடத்தைத் தாண்டுகிறது என்று கேட்பதுதான் சரி. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ள ஒதுக்கும் இன்னோடிபி பஃபர் பூல் இயல்பாக 128 எம்பி மட்டும். பழைய இடத்தில் யாரோ அதைப் பல ஜிபிக்கு உயர்த்தி வைத்திருப்பார்கள். நினைவகம் இரண்டு மடங்கு உள்ள புது சர்வர் பழையதைவிட மெதுவாக ஓடுவதற்கு, பலமுறை இந்த ஒரு வரி காரணமாக இருந்திருக்கிறது.

முகப்புப் பக்கம் அழகாக வந்து, உள்ளே எந்த இணைப்பைத் தட்டினாலும் 404 வருகிறதா? அப்பாச்சியாக இருந்தால் எச்டிஅக்சஸ் கோப்பை அது படிக்கவே இல்லை என்று அர்த்தம். 2.4 பதிப்பில் அலவ் ஓவர்ரைடு என்ற அமைப்பு இயல்பாகவே மூடியிருக்கும். திறந்துவிட்டு, முகவரிகளை மாற்றி அனுப்பும் ரீரைட் மாட்யூலையும் இயக்கிவிட்டால் தீர்ந்தது. அப்பாச்சியிலிருந்து என்ஜின்எக்ஸுக்கு மாறியவர்களுக்கோ, இது பாதிப் பிரச்சினைதான். என்ஜின்எக்ஸ் அந்தக் கோப்பை எந்த நிலையிலும் படிக்காது. ரீரைட் விதிகள் போனால் 404 வந்து கத்தும். அதே கோப்பில் "இந்த ஃபோல்டரை யாரும் திறக்கக் கூடாது" என்று எழுதியிருந்த விதியும் சேர்ந்தே போயிருக்கும். அது கத்தாது. பேக்கப் ஃபோல்டரோ, பதிவேற்றிய அடையாள அட்டைகளின் ஃபோல்டரோ, முகவரி தெரிந்த யாருக்கும் திறந்து கிடக்கும். ஆகவே 404 சரியானதும் எழுந்து போய்விடாமல், அந்த எச்டிஅக்சஸ் கோப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து, ஒவ்வொரு தடையும் புதுக் கான்ஃபிக்கில் இருக்கிறதா என்று பிரௌசரிலேயே சோதித்துப் பாருங்கள்.

பெர்மிஷன் பிழைக்கு 777 போடச் சொல்கிற அறிவுரையை இன்றும் எல்லா இடத்திலும் பார்க்கிறேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அந்த அனுமதி, பிழையின் வாயை அடைக்கிறது, அவ்வளவுதான். கேள்வி எளிது: செயலி எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது, கோப்பு யார் பெயரில் இருக்கிறது? உபுண்டுவிலிருந்து ரெட் ஹேட் வகைக்கு மாறினால் வெப் சர்வரின் பயனர் பெயரே வேறு. உரிமையாளரைச் சரிசெய்தால் உரிமையாளர் மட்டும் எழுதலாம் என்ற அனுமதிகள், அதாவது ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644, பெரும்பாலும் போதும். ரெட் ஹேட் வகையில் 777 போட்டும் 13 போகவில்லை என்றால் அது பெரும்பாலும் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு. வீட்டு ஃபோல்டரில் இறக்கி வைத்த கோப்புகளை மூவ் கட்டளையால் வெப் ஃபோல்டருக்குத் தள்ளினால், அவை பழைய பாதுகாப்பு முத்திரையோடே போகும். காப்பி செய்தால் புது இடத்தின் முத்திரையைப் பெறும். ரீஸ்டோர்கான் என்ற ஒற்றைக் கட்டளை அதைச் சரிசெய்துவிடும். எஸ்இலினக்ஸையே அணைத்து வைக்க வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை.

தவறான தரவை ஏற்க மறுக்கும் மைஎஸ்கியூஎல்லின் கண்டிப்பு முறைக்கும் (ஸ்ட்ரிக்ட் மோட்) இதே கதைதான். 5.7 பதிப்பிலிருந்து அது இயல்பாகவே கண்டிப்பாக இருக்கிறது. பழைய 5.5, 5.6 சர்வரிலிருந்து வருகிற செயலியில் 1406, 1292, 1055 என்ற எண்கள் வரிசையாக வரும். 1406 என்றால் இடம் கொள்ளாத அளவுக்கு நீளமான தரவு. 1292 பெரும்பாலும் எல்லாம் பூஜ்யமாக உள்ள தேதி. 1055 என்றால் குரூப் பை எழுதியதில் தெளிவில்லை. எஸ்கியூஎல் மோடைக் காலி செய்தால் மூன்றும் காணாமல் போகும். ஆனால் 1406 என்ன சொல்கிறது என்று யோசியுங்கள். பழைய சர்வர் அந்த நீளமான முகவரியை வாயைத் திறக்காமல் வெட்டிச் சேமித்துக்கொண்டிருந்தது. வெட்டுப்பட்ட முகவரிகள் இத்தனை வருடமாக டேபிளில் கிடக்கின்றன. புது சர்வர்தான் முதல்முறையாக அதை எடுத்துச் சொல்கிறது. அவசரத்துக்கு அந்தச் செயலியின் இணைப்பில் மட்டும் கண்டிப்பைத் தளர்த்துவதை நான் ஏற்பேன், கையோடு திருத்த வேண்டிய பட்டியலில் எழுதிவைத்தால்.

பிஎச்பி பதிப்பு உயர்ந்திருந்தாலும் இந்த இரண்டு வகையும் உண்டு. பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்கள் 7.0-இல் நீக்கப்பட்டன, ஈச் ஃபங்ஷன் 8.0-இல் போனது. இரண்டும் உடனே செயலியை நிறுத்திக் கத்தும். ஆனால் பூஜ்யத்தையும் எண்ணல்லாத ஒரு சொல்லையும் இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் 7 வரை "சமம்" என்று வந்த பதில், 2020 நவம்பரில் வெளிவந்த 8.0 முதல் "சமமில்லை" என்று வருகிறது. அதற்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது. ஒரு இஃப் நிபந்தனை இதுவரை போன பாதையை விட்டு வேறு பாதையில் போகும், அவ்வளவே.

இனி, தமிழில் தரவு வைத்திருக்கிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. இதைப் பற்றி மட்டும் நான் நிறையவே பேசுவேன்.

நண்பர் ஒருவர் பார்த்துக்கொண்ட நூலகப் பட்டியல் செயலி ஒன்று புது சர்வருக்கு மாறியது. பிழை எதுவும் இல்லை, வேகமும் நன்று. பழைய புத்தகங்களின் தலைப்புகள் மட்டும் குப்பையாகத் தெரிந்தன: தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஒரு ஆர், அடுத்து ஏதோ ஒன்று, மறுபடியும் அதே ஏ. மாற்றிய பிறகு சேர்த்த புத்தகங்கள் சுத்தமான தமிழில் இருந்தன. அவர் இணையத்தில் ஒரு அப்டேட் கட்டளையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். "டேபிள் முழுக்க ஓட்டிடலாமா? ஒரு தடவை பாருங்களேன்" என்றார்.

ஓட்டக் கூடாது என்றேன். காரணம் பைட்டுகளில் இருக்கிறது.

எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. 'அ' என்ற எழுத்து 224, 174, 133. பழைய டேபிள், ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 என்று அறிவிக்கப்பட்டிருந்தது. 8.0-க்கு முந்தைய மைஎஸ்கியூஎல்லில் அதுதான் இயல்பு. பழைய செயலியின் இணைப்பும் லத்தீன்1. அதனால் மைஎஸ்கியூஎல் அந்த மூன்று பைட்டையும் மூன்று ஐரோப்பிய எழுத்துகள் என்று நினைத்து வாங்கிவைத்தது, கேட்டபோது அப்படியே திருப்பிக் கொடுத்தது. பிரௌசர் அதைத் தமிழாகக் காட்டியது. இரண்டு பக்கமும் ஒரே தவறான எண்ணத்தில் இருந்ததால் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. தரவை டம்ப் கோப்பாக வெளியே எடுத்தபோது, எடுக்கும் கருவி அவற்றை உண்மையிலேயே லத்தீன் எழுத்துகள் என்று நம்பி யூடிஎஃப்8-ஆக மாற்றி எழுதியது. 224 என்ற ஒரு பைட் 195, 160 என்று இரண்டானது. 174 என்பது 194, 174 ஆனது. ஒருமுறை குறியேற்றியதன்மேல் இன்னொரு முறை குறியேற்றம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. சரியாகச் சேமித்திருந்தால் குறியீடுகளை எண்ணும் கேரக்டர் லெங்த் 5 என்றும் பைட்டுகளை எண்ணும் லெங்த் 15 என்றும் வரும். இரட்டைக் குறியேற்றம் ஆகியிருந்தால் முதலாவது 15, இரண்டாவது 30. நண்பரின் டேபிளில் பழைய வரிசை ஒன்றையும் புதிய வரிசை ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்களைப் பார்த்தோம். பழையது இரட்டை, புதியது சரி. ஒரே டேபிளில் இரண்டும் கலந்து கிடந்தன.

திருத்தும் கட்டளை செய்வது இது: எழுத்தை லத்தீன்1 ஆக மாற்று, அந்த பைட்டுகளை பைனரி என்று எடு, பிறகு யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழு யூடிஎஃப்8-இன் பெயர்) என்று படி. குப்பையாகத் தெரிகிற வரிசைக்கு இது அருமருந்து, தமிழ் அப்படியே திரும்பி வரும். ஏற்கெனவே சரியாக இருக்கிற வரிசையில் இதே கட்டளை ஓடினால், லத்தீன்1-இல் 'த' என்ற எழுத்துக்கு இடமே இல்லை. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் கேள்விக்குறியாகும். 'தமிழ்' ஐந்து கேள்விக்குறியாக நிற்கும். குப்பையாகத் தெரிகிற தமிழில் மூலத் தகவல் முழுக்க உள்ளே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். கேள்விக்குறியில் ஒன்றும் இல்லை. அது 63 என்ற ஒரு பைட், பேக்கப் இல்லாவிட்டால் அந்தத் தலைப்பு போனது போனதுதான். பார்க்க மோசமாக இருக்கிற நிலைதான் இங்கே பாதுகாப்பான நிலை. இதை உணராமல் அவசரப்பட்டு அழகுபடுத்தப் போய்த் தரவை இழந்தவர்களின் டேபிள்களைப் பார்த்திருக்கிறேன். மனது கேட்காது.

முதலில் டேபிளை வேறு பெயரில் நகலெடுத்தோம். முதல் பைட் 195, அடுத்தது 160 என்று தொடங்கும் வரிசைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றில் மட்டும் கட்டளையை ஓட்டினோம். எண்ணிலோ மேற்கோள்குறியிலோ தொடங்கும் தலைப்புகள் இந்த வடிகட்டியில் சிக்காது. அந்த பைட் ஜோடி தலைப்பின் நடுவில் எங்காவது வருகிறதா என்று தனியாகத் தேடி எடுத்தோம். வெறும் ஆங்கிலத் தலைப்புகளைத் தொட வேண்டிய தேவையே இல்லை, அவை இரண்டு முறையிலும் ஒன்றுதான். ஆங்கிலத் தரவை மட்டும் வைத்துச் சோதிக்கிற குழுக்களின் கண்ணில் இந்தக் கோளாறு படாமல் போவதற்கும் அதுவே காரணம்.

இன்னும் மாற்றாதவர்களுக்கு வழி சுலபம். பழைய டேபிள் லத்தீன்1 என்று சொல்லி, உள்ளே யூடிஎஃப்8 பைட்டுகள் இருந்தால், டம்ப் எடுக்கும்போதே இயல்பு எழுத்துக்கணத்தை லத்தீன்1 என்று குறிப்பிட்டு, டம்ப் கோப்பில் எழுத்துக்கணத்தை அறிவிக்கும் வரி சேராதபடி எடுத்தால் பைட்டுகள் மாறாமல் வரும். டம்பில் உள்ள டேபிள் வரையறைகளில் எழுத்துக்கணத்தை யூடிஎஃப்8எம்பி4 என்று திருத்தி, அதே யூடிஎஃப்8எம்பி4 இணைப்பில் உள்ளே ஏற்றலாம். ஏற்றியதும் அந்த நீளச் சோதனை. மக்கள் எழுதத் தொடங்குவதற்குமுன் இதைச் செய்துவிட்டால் கலப்படப் பிரச்சினையே வராது.

நேரத்தையும் இதே கவனத்தோடு பார்ப்பேன். புது சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வருகின்றன. மைஎஸ்கியூஎல்லில் டைம்ஸ்டாம்ப் வகை நெடுவரிசை நேர மண்டலத்துக்கு ஏற்ப மாறிக் காட்டும், டேட்டைம் வகை எழுதியதை எழுதியபடி காட்டும். ஒரே டேபிளில் இரண்டும் இருந்தால், பாதி நேரங்கள் நகர்ந்தும் பாதி நகராமலும் தெரியும். மாற்றிய நாளுக்குப் பிறகு எழுதிய டேட்டைம் மதிப்புகள் வேறு கணக்கில் விழும். எந்த லாகிலும் இது வராது.

கிரான் வேலைகள் வெப் ஃபோல்டரிலும் இல்லை, தரவுத்தளத்திலும் இல்லை. சிஸ்டத்தின் ஸ்பூல் ஃபோல்டரில் பயனர் வாரியாக இருக்கின்றன. பழைய சர்வரில் ரூட் உட்பட ஒவ்வொரு பயனரின் பட்டியலையும் எடுக்காவிட்டால், மாதக் கடைசியில் போக வேண்டிய நினைவூட்டல்கள் போகாதபோதுதான் தெரியவரும். மின்னஞ்சலும் அப்படித்தான். பிஎச்பியின் மெயில் ஃபங்ஷன், உள்ளூர் அஞ்சல் புரோகிராமிடம் ஒப்படைத்துவிட்டாலே வெற்றி என்று சொல்லிவிடும். யார் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் புது ஐபி எண் இல்லையென்றால் கடவுச்சொல் மாற்றும் கடிதங்கள் ஸ்பேம் பெட்டிக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

தளத்தின் பெயரை ஐபி எண்ணோடு இணைக்கும் டிஎன்எஸ் மாற்றத்தில் கத்தாத பிழை ஒன்று மிகக் கொடியது. அந்த இணைப்பை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் 86400 என்றிருந்தால் சிலருக்கு ஒரு நாள்வரை பழைய சர்வர்தான் திறக்கும். அவர்கள் அங்கே படிவம் நிரப்புவார்கள், அது பழைய தரவுத்தளத்தில் போய் விழும். அவர்களுக்கும் பிழை இல்லை, நமக்கும் பிழை இல்லை, தரவு இரண்டாகப் பிரிந்துவிட்டது. டிடிஎல்லை 300-க்கு முன்கூட்டியே குறைத்து, பழைய அளவு காலாவதியாகும்வரை காத்திருந்து, பிறகு மாற்ற வேண்டும். மாற்றும் நேரத்தில் பழைய செயலியை எழுத முடியாதபடி பராமரிப்பு நிலையில் வைப்பதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஐபிவி6 முகவரிக்கான பதிவு தனியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பழைய ஐபிவி4 எண்ணை மட்டும் மாற்றிவிட்டு அதை அப்படியே விட்டால், ஐபிவி6 வழியாக வருகிறவர்கள் டிடிஎல் தீர்ந்த பிறகும் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருப்பார்கள்.

பழைய சர்வரை அணைக்கும் முன் அதன் அக்சஸ் லாகைத் தினமும் ஒரு பார்வை பார்ப்பேன். பெயரைக் கேட்காமல் ஐபி எண்ணையே நேராக எழுதிவைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதில் அகப்படுவார்கள்: பணம் செலுத்தும் சேவை திருப்பி அனுப்பும் தகவல் (கால்பேக்), வேறொரு அலுவலகத்தின் ஸ்கிரிப்ட், புதுப்பிக்காத மொபைல் செயலி. ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்துத் திருத்த வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வருகிறவையும் உண்டு என்பதால், ஒரு மாதக் கடைசியைத் தாண்டியும் தானியங்கி பாட்களைத் தவிர வேறு யாரும் வரவில்லை என்று உறுதியானால்தான் டிஸ்கின் முழு நகலை எடுத்து, அந்த நகல் வேறு இடத்தில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அணைக்கச் சொல்வேன்.